கன்றும் கறவையும்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் முழுவதையும் நான் அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில், என் அக்காள் வீட்டில் கழித்தேன். அக்காளும் அத்தானும் அங்கே குடியேறி இருபத்தைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு வருஷமும் அக்காள் கூப்பிடுவாள். "தொடர்கதை ஓடிக்கொண்டிருக்கிறது, எப்படி வருவது?" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். அந்த வருஷம் என் தொடர்கதை எதுவும் எங்கும் ஓடவில்லை. சாக்குச் சொல்ல வழியில்லாமல் விமானம் ஏறினேன்.

போன இடத்தில் நயாகராவைப் பார்த்தேன். பெரிய ஏரி ஒன்றின் கரையில் நின்று, அது சமுத்திரம் அல்ல என்று நம்ப முடியாமல், தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத என்னைவிடச் சமர்த்தர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, அக்காள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தினந்தோறும் சாயங்காலம் நடந்த ஒரு வழக்கைப் பற்றி. வாதி ஒருவர், பிரதிவாதி ஒருவர். நீதிபதி ஸ்தானத்தில், ஆட்டமே தெரியாத நான்.

வாதி என் மருமான். இருபது வயது. கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். பிரதிவாதி பக்கத்து வீட்டு அமெரிக்கர். எழுபத்தொன்பது வயது. கார்த் தொழிற்சாலையில் முப்பத்தேழு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில் கிடையாது, புல்வெளிதான். சாயங்காலம் ஆனதும் ஒரு பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அந்தப் புல்வெளியைக் கடந்து வந்துவிடுவார். உள்ளே இவ்வளவு பெரிய டெலிவிஷன் இருக்க, எதற்கு இந்த ரேடியோ என்று ஒரு நாள் கேட்டேன். "ஆட்டத்தைக் காதால் பார்த்துப் பழகிவிட்டேன்" என்றார்.

ஆட்டம் பேஸ்பால். நம்முடைய கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. பந்து எறிகிறவனைப் பிட்சர் என்கிறார்கள். ஆட்டத்தின் பாதி உயிர் அவன் கையில் இருக்கிறது. மார்ச் கடைசியில் ஆரம்பித்துச் செப்டம்பர் கடைசி வரையில் ஒரு குழு 162 ஆட்டம் ஆடவேண்டும். கிட்டத்தட்டத் தினமும் ஆட்டம். நம் வீடுகளில் தினமும் இரவு சாப்பாடு இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. டெட்ராய்ட் குழுவுக்கு டைகர்ஸ் என்று பெயர். அது கடைசியாக உலகப் பட்டம் வாங்கியது 1984-இல். அதற்கு முன்னால் 1968. கிழவருக்கு அந்த இரண்டு வருஷங்களும் பிள்ளைகளின் பிறந்த நாள் மாதிரி ஞாபகம் இருந்தன.

இனி வழக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு பெரிய குழுவுக்கும் கீழே, சின்னச் சின்ன ஊர்களில், படிப்படியாகச் சிறு குழுக்கள் இருக்கின்றன. அதை அவர்கள் பண்ணை என்றே சொல்கிறார்கள். நாற்றங்கால் என்று சொன்னால் நமக்குப் பொருத்தமாக இருக்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களைப் பொறுக்கி எடுத்து அதில் விடுகிறார்கள். நாலைந்து வருஷம் வெயிலிலும் பஸ் பிரயாணத்திலும் அடிபட்டு, தேறினவர்கள் மேலே வருகிறார்கள். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். தேறாதவர்களே அதிகம்.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு சந்தை கூடுகிறது. அந்த வருஷம் பட்டத்துக்கு அருகில் இருக்கும் குழுக்களுக்குப் பழுத்த ஆட்டக்காரர்கள் தேவைப்படுகிறார்கள். நம்பிக்கை இழந்த குழுக்களுக்கு வருங்காலம் தேவைப்படுகிறது. ஆகையால் இவர்கள் தங்கள் நாற்றங்கால் பையன்கள் இரண்டு மூன்று பேரைக் கொடுத்து, அவர்களிடமிருந்து பேர்போன ஆட்டக்காரர் ஒருவரை வாங்கிக்கொள்கிறார்கள். பணத்துக்கு ஆள் அல்ல, ஆளுக்கு ஆள். மேலே வந்த பையன் ஏறக்குறைய ஆறு வருஷம் அந்தக் குழுவுக்கே கட்டுப்பட்டவன். ஆரம்ப வருஷங்களில் சம்பளமும் குறைச்சல். அதனால் கன்றுக்கு விலை அதிகம். நட்சத்திர ஆட்டக்காரருக்கோ, சில சமயம், ஒப்பந்தத்தில் மூன்றே மாதம்தான் பாக்கியிருக்கும்.

2025 ஜூலை ஆரம்பத்தில் டைகர்ஸ் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தது. தன் பிரிவில் கிளீவ்லண்டைவிடப் பதினைந்தரை ஆட்டம் முன்னால் இருந்தது. அரை ஆட்டம் என்பது என்ன கணக்கு என்று கேட்டேன். மருமான் விளக்கினான். புரிந்தவன் போலத் தலையை ஆட்டினேன். அதே சமயத்தில் அவர்களுடைய நாற்றங்காலில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். மேக்ஸ் கிளார்க், கெவின் மெக்கானிகில். இரண்டு பேருக்கும் இருபது வயது. 2023-இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக எடுக்கப்பட்டவர்கள். தேசத்திலேயே முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்டவர்கள். அவர்களில் ஒருவரைக் கொடுத்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்கலாமா, கூடாதா? டெட்ராய்டில் அந்த மாதம் முடிதிருத்தும் கடையில் இதுதான் பேச்சு. பெட்ரோல் போடும் இடத்தில் இதுதான் பேச்சு. அக்காள் வீட்டுக் கொல்லையிலும் இதுதான்.

"கொடுக்கத்தான் வேண்டும்" என்பார் கிழவர். "அந்தப் பையன்கள் மேலே வர ஒரு வருஷம். வந்து காலூன்ற இரண்டு வருஷம். நீ இருபது வயசுக்காரன், காத்திருப்பாய். நான் எங்கே இருப்பேன்?"

மருமான் அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வான்.

"ஸ்மோல்ட்ஸ்."

கிழவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

இந்த ஸ்மோல்ட்ஸ் என்ன மந்திரம் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு மருமான் சொன்னான். ஜான் ஸ்மோல்ட்ஸ் அதே மிச்சிகன் மாகாணத்தில், லான்சிங் பக்கத்தில் வளர்ந்த பையன். டைகர்ஸ் குழுவே குலதெய்வமாக இருந்த வீடு. அவனுடைய தாத்தா அந்த மைதானத்திலேயே வேலை பார்த்தவர். பையன் பிட்சர் ஆனான்; டைகர்ஸின் நாற்றங்காலுக்கே வந்து சேர்ந்தான். 1987 ஆகஸ்டில் அவனுக்கு இருபது வயது. கீழ்ப்படியில் நாலு ஆட்டம் ஜெயித்துப் பத்து ஆட்டம் தோற்றிருந்தான். மேலே டைகர்ஸ் பட்டத்துக்குப் போராடிக்கொண்டிருந்தது. அட்லாண்டாக் குழுவில் டாயில் அலெக்ஸாண்டர் என்று முப்பத்தாறு வயதுப் பிட்சர் ஒருவர் இருந்தார். கிழவரைக் கொடு, பையனை எடுத்துக்கொள் என்று பேரம் முடிந்தது.

அலெக்ஸாண்டர் வந்து என்ன செய்தார்? ஒன்பது வெற்றி, தோல்வியே இல்லை. அந்தக் கடைசி வாரத்தில் டைகர்ஸ் டொராண்டோவைப் பிடித்து, முந்தி, பிரிவில் முதலாவதாக வந்தது. முடிவில் வித்தியாசம் இரண்டே ஆட்டம். அடுத்த கட்டத்தில் மின்னெசோட்டாவிடம் தோற்றுப் போனார்கள். அதில் அலெக்ஸாண்டர் எறிந்த இரண்டு ஆட்டமும் தோல்வி. 1989-இல் அவர் பதினெட்டு ஆட்டம் தோற்று, அத்தோடு ஓய்வு பெற்றார்.

பையனோ, அட்லாண்டாவில் இருபது வருஷம் நின்றுவிட்டான். 213 வெற்றி, அதற்கு மேல், கடைசி நேரத்தில் வந்து காப்பாற்றிக் கொடுத்த ஆட்டங்கள் 154. 1995-இல் அட்லாண்டா உலகப் பட்டம் வாங்கியபோது அதில் இருந்தான். 2015-இல் அமரர்கள் மண்டபம் என்று சொல்லத்தக்க கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தில் அவனுக்குச் சிலை வைத்தார்கள். அதாவது, வெண்கலத் தகடு.

"மூன்று மாதத்துக்காக இருபது வருஷத்தை விற்றுவிட்டார்கள், மாமா!" என்றான் மருமான். 1987-இல் அவன் பிறக்கவே இல்லை. இருந்தும் குரல் நடுங்கிற்று.

அவன் கையில் இன்னும் ஆயுதங்கள் இருந்தன. 1990 ஆகஸ்டில் பாஸ்டன் குழு, பாஸ்டனிலேயே பிறந்த ஜெஃப் பாக்வெல் என்ற பையனை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, லாரி ஆண்டர்ஸன் என்ற முப்பத்தேழு வயதுப் பிட்சரை வாங்கிற்று. ஆண்டர்ஸன் பாஸ்டனுக்காக எறிந்தது 22 இன்னிங்ஸ். சீஸன் முடிந்ததும் போய்விட்டார். பாக்வெல் ஹூஸ்டனிலேயே 449 ஹோம் ரன் அடித்து, அவரும் மண்டபத்துக்குப் போனார். அவ்வளவு தூரம் எதற்கு, டெட்ராய்டே 2014 டிசம்பரில் யூஹேனியோ ஸ்வாரெஸ் என்ற இருபத்து மூன்று வயதுப் பையனைக் கொடுத்து, ஆல்ஃப்ரெடோ சிமோன் என்ற பேர்பெற்ற பிட்சரை வாங்கவில்லையா? சிமோன் ஒரே சீஸன் இருந்தார். ஸ்வாரெஸ் 2025-இல் அரிசோனாவில் ஹோம் ரன்களாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், எந்த ஆட்டக்காரரை வாங்கவேண்டும் என்று டெட்ராய்ட் ரசிகர்கள் அந்த ஜூலையில் துடித்தார்களோ, அவர்களில் முதல்வர் அந்த ஸ்வாரெஸ்தான். தான் விற்ற கன்றை, முப்பத்து நாலு வயதில் கறவையாக, இன்னொரு கன்றைக் கொடுத்துத் திரும்ப வாங்கும் யோசனை!

கிழவர் சளைக்கவில்லை. 2007 டிசம்பரை எடுத்துப் போட்டார். டைகர்ஸ் ஆறு இளைஞர்களை ஃப்ளோரிடாவுக்கு அனுப்பி மிகேல் கப்ரெராவையும் இன்னொருவரையும் வாங்கியது. கப்ரெரா 2012-இல் மூன்று மகுடம் சூடினார். நாற்பத்தைந்து வருஷமாக யாரும் சூடாத மகுடம். கொடுத்த ஆறு பேரில் எவரும் ஃப்ளோரிடாக் குழுவுக்கு விளக்கேற்றி வைக்கவில்லை. அப்புறம் சிகாகோ. 1908-க்குப் பிறகு பட்டமே பார்க்காத குழு. 2016 ஜூலையில் பத்தொன்பது வயது கிளேபர் டாரஸையும் இன்னும் மூவரையும் நியூயார்க்குக்குக் கொடுத்து, ஆரோல்டிஸ் சாப்மன் என்ற மின்னல் வேகப் பிட்சரை வாங்கினார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே, 108 வருஷத்துக்குப் பிறகு, பட்டம் வந்தது.

"சிகாகோவில் யாரையாவது போய்க் கேட்டுப் பார். டாரஸ் போய்விட்டானே என்று யாராவது அழுகிறார்களா?" என்றார்.

அந்த டாரஸ் 2025-இல் எங்கே ஆடிக்கொண்டிருந்தார் தெரியுமா? டெட்ராய்டில்! ரேடியோவில் அவர் பெயர் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இருவருமே அவரைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக நினைத்தார்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

"அது சரி, மாற்றப்படுகிற பையன்களை யாராவது சம்மதம் கேட்பார்களா?" என்று ஒரு நாள் நான் கேட்டேன்.

இருவரும் மௌனமானார்கள். பிறகு கிழவர் கர்ட் ஃப்ளட் கதையைச் சொன்னார். செயின்ட் லூயிஸில் பன்னிரண்டு வருஷம் ஆடிய கறுப்பின ஆட்டக்காரர். 1969-இல் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். நான் வாங்கி விற்கிற சரக்கு அல்ல என்று அவர் போக மறுத்து, சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்காடினார். 1972-இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அத்தோடு சரி. ஆனால் அவர் தட்டிய கதவு பிற்பாடு மற்றவர்களுக்குத் திறந்தது. பத்து வருஷம் மேல்படியில் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே குழுவில் இருந்தவர், 'போகமாட்டேன்' என்று சொல்லலாம். இருபது வயதுப் பையனுக்கு அந்த உரிமை கிடையாது. தொலைபேசி வரும். ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டி கட்டவேண்டும்.

அக்காள் தோசை வார்த்துக்கொண்டே ஜன்னல் வழியாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அன்று ராத்திரி பாத்திரங்களை ஒழித்துப் போடும்போது, "அப்பா செவலையை விற்ற கதை மாதிரி இருக்கிறது" என்றாள்.

"எந்தச் செவலை?"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அப்போது மூன்று மாதக் குழந்தை. அம்மாவுக்கு ஜுரம் கண்டு பால் வற்றிப் போயிற்று. வீட்டில் கறவை இல்லை. செவலை என்று ஒரு கிடாரிதான் இருந்தது. ஊரிலேயே அப்படி ஒரு கன்று கிடையாது. அப்பா அதைத் தரகனிடம் கொடுத்து, அதற்குப் பதில் ஈன்று ஒரு மாதமான கிழட்டு மாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அன்று பூராவும் சாப்பிடவில்லை. செவலை பிற்பாடு மேலத்தெருவில் வேளைக்கு நாலு படி கறந்தது. அப்பா அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்."

"அந்தக் கிழட்டு மாடு?"

"ஒரு வருஷம் கறந்தது. அந்தப் பாலைக் குடித்தது நீதான்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

வழக்கில் நீதிபதிக்கே சம்பந்தம் இருந்தால் நீதிபதி விலகிக்கொள்ள வேண்டும் என்பார்கள். நான் அன்றே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. அதற்குத் தண்டனை போல, இரண்டு நாள் கழித்து, சென்னையிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது.

கூப்பிட்டவர் ஒரு பத்திரிகையின் ஆசிரியர். பெயர் வேண்டாம். தீபாவளி இதழிலிருந்து ஒரு புதிய தொடர்கதை ஆரம்பிக்க வேண்டும் என்றார். ஒரு பெண் எழுதியிருக்கிறாளாம், முதல் நாவல், இருபத்து நாலு வயது, நன்றாக வந்திருக்கிறதாம். "ஆனால் பாருங்கள், புதுப் பெயரை வைத்துக்கொண்டு தீபாவளி இதழை எப்படி விற்பது? விளம்பரக்காரர்கள் உங்கள் பெயரைக் கேட்கிறார்கள். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தப் பெண் எங்கே ஓடிவிடப் போகிறாள்? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வருஷமாக யாரும் தொடர்கதை கேட்கவில்லை என்று சொன்னேனே, அந்த வருத்தம் உள்ளே இருந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வேறு ஒரு தீபாவளி ஞாபகத்துக்கு வந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டு, ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, ராத்திரியில் கதை எழுதினேன். ஒரு வார இதழ் என் முதல் தொடரை ஏற்றுக்கொண்டது. 'விரைவில்' என்று போட்டோவோடு அறிவிப்பும் வந்தது. கடை முதலாளி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, கல்லாவுக்கு மேலே ஒட்டினார். மூன்று வாரம் கழித்து, அந்த இடத்தில் வேறொருவருடைய தொடர் ஆரம்பமாயிற்று. பெரிய எழுத்தாளர். எனக்கு ஒரு கார்டு வந்தது: சந்தர்ப்பம் வரும்போது பிரசுரிக்கிறோம். சந்தர்ப்பம் வர மூன்று வருஷம் ஆயிற்று. கல்லாவுக்கு மேலே இருந்த என் போட்டோ மட்டும் மஞ்சளாகிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெரியவர் எழுதிய தொடர் மோசமாக இருந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அது நன்றாக இருந்தது. வாராவாரம் கடைக்கு வந்த இதழை, திட்டிக்கொண்டே பிரித்து, முதலில் அதைத்தான் படித்தேன். அந்த ஆசிரியர் தப்புச் செய்தார் என்று எப்படிச் சொல்வது? ஒன்பது வெற்றி, தோல்வியே இல்லை.

மறுநாள் சாயங்காலம் மருமான் சிநேகிதர்களோடு வெளியே போயிருந்தான். கிழவர் வழக்கம்போல் ரேடியோவோடு வந்தார். 1987 அக்டோபர் நாலாந் தேதி ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டத்துக்கு மனைவியோடு பழைய மைதானத்துக்குப் போயிருந்ததைச் சொன்னார். டைகர்ஸ் ஒன்று, டொராண்டோ பூஜ்யம். ஆட்டம் முடிந்ததும் முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மனைவியின் ஒரு செருப்பு கூட்டத்தில் போய்விட்டது. மிச்சிகன் அவென்யூவில் ஒற்றைச் செருப்போடு சிரித்துக்கொண்டே நடந்து வந்தாளாம்.

"ஸ்மோல்ட்ஸ் பெரிய ஆள்தான். பையனிடம் சொல்லாதீர்கள், அவன் சொல்வது நியாயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அலெக்ஸாண்டர் இல்லாவிட்டால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை. இந்த மைதானம்கூட இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது."

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் சங்கதியைச் சொன்னேன். பத்திரிகை, தீபாவளி, அந்தப் பெண், எல்லாவற்றையும் சொன்னேன்.

கவனமாகக் கேட்டார். "இதில் நீங்கள் யார்? ஸ்மோல்ட்ஸா, அலெக்ஸாண்டரா?"

"ஒரு காலத்தில் ஸ்மோல்ட்ஸ். இப்போது அலெக்ஸாண்டர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்படியானால் ஒரே கேள்விதான். உங்கள் கையில் ஒன்பது வெற்றி இருக்கிறதா?" என்றார்.

எத்தனையோ விமரிசகர்கள் என்னை எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. மாடிக்குப் போய், கையோடு கொண்டுவந்திருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். புது நாவலுக்கு இரண்டே அத்தியாயம் எழுதியிருந்தேன். ஒரு வருஷமாக அதே இரண்டு அத்தியாயம். படித்துப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. முன்பு எழுதிய நாவல்களில் சரியாக இருந்ததெல்லாம் இதிலும் சரியாக இருந்தது. உயிர் மட்டும் வரவில்லை.

ஆசிரியரைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் கதையையே போடுங்கள், நான் பிறகு எழுதுகிறேன் என்றேன். அவர், "உங்கள் பெருந்தன்மை" என்று ஏதோ சொன்னார். நான் மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன். பெருந்தன்மை அல்ல, கையில் சரக்கு இல்லை. பத்து நல்ல அத்தியாயங்கள் எழுதி வைத்திருந்தேனானால் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னையே கேட்டுப் பார்த்துக்கொண்டேன். பதில் அவ்வளவு கௌரவமாக இல்லை.

ஜூலை முடிந்தது. டைகர்ஸ் நிர்வாகம் கிளார்க்கையும் மெக்கானிகிலையும் கொடுக்கவில்லை. சில பிட்சர்களை மட்டும் சின்ன விலைக்கு வாங்கிக்கொண்டது. அவர்களில் சார்லி மார்ட்டனுக்கு வயது நாற்பத்தொன்று. "கறவையும் இல்லை, கன்றும் இல்லை, கிழட்டு மாடு" என்றான் மருமான், செவலையின் கதையை அக்காள் அவனுக்கும் சொல்லியிருந்தாள். ஸ்வாரெஸ் ஸியாட்டிலுக்குப் போனார். கிழவர் அன்று ரேடியோவை எடுத்து வரவில்லை. நான் விடைபெறப் போனபோது, "உலகத்தில் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

பிற்பாடு நடந்ததை ஊரிலிருந்தே கேட்டுக்கொண்டேன். செப்டம்பரில் டைகர்ஸ் சரிந்தது. பதினைந்தரை ஆட்டம் பின்னால் இருந்த கிளீவ்லண்ட் முந்திக்கொண்டு பிரிவுப் பட்டத்தை வாங்கிற்று. மார்ட்டனைப் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் கடைசி இடத்தில் தொத்திக்கொண்டு டைகர்ஸ் அடுத்த சுற்றுக்குப் போய், அதே கிளீவ்லண்டை வென்று, ஸியாட்டிலோடு மோதிற்று. ஆளுக்கு இரண்டு வெற்றி. அக்டோபர் பத்தாந் தேதி ஐந்தாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டியது, முடியாமல் பதினைந்து இன்னிங்ஸ் போயிற்று. மூன்றுக்கு இரண்டு என்று ஸியாட்டில் ஜெயித்தது. ஒரே ஒரு ஓட்டம். எதிர்க்குழுவில் ஸ்வாரெஸ்.

எனக்கு மறுநாள் காலை பதினொரு மணி. மருமானுக்கு நடுராத்திரி தாண்டி ஒரு மணிக்கு மேல். தொலைபேசியில் அவன் குரல் கம்மியிருந்தது. ஆட்டத்துக்காகக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தானாம். கிழவர் அவனுடைய வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டாராம்.

"அவர்தான் ஜெயித்தார், மாமா. அன்றைக்கே ஸ்வாரெஸை வாங்கியிருந்தால் இன்றைக்கு இது நடந்திருக்காது. நானே அதை அவரிடம் சொல்லிவிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோவை அணைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்று, 'அந்தப் பையன்கள் இரண்டு பேரும் வருகிற வசந்தத்தில் மேலே வந்துவிடுவார்களா?' என்று கேட்டார்."

தீபாவளி இதழ் வந்தது. அந்தப் பெண்ணின் கதையை வாராவாரம் படித்தேன். முதல் இரண்டு அத்தியாயத்தில் தடுமாறினாள். அந்த இடத்தில் நானாயிருந்தால் தடுமாறியிருக்க மாட்டேன் என்று அற்பமாக ஒரு திருப்தி ஏற்பட்டது. ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு விதவைக் கிழவி, பேரனுக்காக வைத்திருந்த கடைசிக் கரண்டி நெய்யைத் தானே எடுத்து நக்கிவிட்டு, குற்ற உணர்ச்சியே இல்லாமல் திண்ணையில் வந்து உட்காருகிறாள். அதைப் படித்துவிட்டு இதழை மூடி வைத்தேன். அந்தக் கிழவியை என்னால் எழுதியிருக்க முடியாது.

மிச்சிகன் கிழவருக்கு அந்த இடத்தை இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். அவரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. நெய் என்றால் என்ன என்று தெரியவில்லை, பையனைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று முதல் வரி. அந்தக் கிழவி செய்தது சரிதான் என்று இரண்டாவது வரி.